அம்முவுக்கு, குட்டி எடுக்கறதுக்கு முன்னாடி

அம்மு,

நல்லா இருக்கியாடா. இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் இப்ப பரவால்ல, மாடி ஏறாதேன்னா கேக்கறதில்ல, உனக்குத் தெரியாததா. தம்பி போன வாரம் வந்துட்டு ரெண்டு நாள் இருந்துட்டுப் போனான். நியூஸ்னு சொன்னா அவ்வளவுதான்.

நீ குரூப்ல போட்டிருந்த மெசேஜை நாலஞ்சு தடவ படிச்சுட்டேன். "அப்பா, ஒரு லேப்ரடார் குட்டி எடுக்கலாம்னு இருக்கேன், என்னென்ன பாக்கணும்?" மூணு வாரம் கழிச்சு உன்கிட்டேர்ந்து வந்த ஒரே வரி அது. அம்மா உடனே ஹார்ட் போட்டுட்டா. நான் ஒண்ணும் போடல, வாட்ஸாப்ல ரெண்டு வரியில சொல்ற விஷயமா இது, அதான் உக்காந்து டைப் பண்ணிட்டிருக்கேன், கண்ணாடி வேற மாத்தணும், தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்கோ.

"இருக்கேன்"னு போட்டிருந்தே. சரி.

முதல்ல கலரை மறந்துடு. எல்லாரும் அதைத்தான் முதல்ல கேப்பாங்க, கருப்பா மஞ்சளா சாக்லேட்டான்னு. கருப்பு அப்பா கருப்பு அம்மாவுக்கே ஒரே ஈத்துல மூணு கலரும் பொறக்கலாம், நம்ம ரோஸிக்குப் பொறக்கலியா. ரேர் கலர்னு எவனாவது ஆரம்பிச்சா அங்கேர்ந்து கிளம்பிடு. சாக்லேட்டு வேணும்னு நீ சின்ன வயசுலேர்ந்து சொல்லுவே, அதனால இதையும் சொல்லிடறேன், 2018-ல பிரிட்டன்ல வெட்னரி டாக்டருங்க ரெக்கார்டை எல்லாம் வச்சுப் பாத்ததுல மத்த கலர் லேப் சராசரியா 12.1 வருஷம் இருந்துருக்கு, சாக்லேட்டு 10.7 தான். கலரே கொல்லுதுன்னு அர்த்தமில்ல, அந்தக் கலருக்காகவே சின்ன வட்டத்துக்குள்ள திரும்பத் திரும்ப சேத்துருப்பாங்கன்னு நான் நெனைக்கறேன். கிட்டத்தட்ட ஒண்ணரை வருஷம், சின்ன விஷயமில்ல அம்மு. எனக்குத் தெரியும்.

குட்டியைப் பாக்கறதுக்கு முன்னாடி அதோட அம்மாவைப் பாரு. அம்மா நாயை காட்டலேன்னா, "அது வேற இடத்துல இருக்கு", "இப்ப தூங்குது"ன்னு சொன்னா, குட்டி எவ்வளவு அழகா இருந்தாலும் தூக்கவே தூக்காதே, ஏன்னா தூக்கிட்டா நீ கீழ விடமாட்டே. அம்மா ஆளைக் கண்டு பயப்படுதா, வாலை உள்ள இழுத்துக்குதா, இல்ல வந்து மோந்து பாத்துட்டு சாஞ்சு நிக்குதா. குட்டிங்க அம்மாகிட்டேர்ந்துதான் முதல் பாடம் கத்துக்கும். எத்தனாவது ஈத்துன்னு கேளு. ரெண்டு வயசுக்கு முன்னாடியே மேட்டிங் விட்டுருந்தா, ஒவ்வொரு ஹீட்டுக்கும் விட்டுருந்தா, அந்த ஆளுக்கு நாய் ஒரு மெஷினு.

அப்புறம் பேப்பர். பெடிக்ரி பேப்பரை கண்ணாடி ஃப்ரேம் போட்டு காட்டுவாங்க, அது பரம்பரை சொல்லும், எலும்பு சொல்லாது. அப்பா அம்மா ரெண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே, முழங்கை எக்ஸ்ரே, கண் செக்கப், இதைக் கேளு. டிஎன்ஏ டெஸ்ட்டும் இருக்கு, ஓடிட்டு இருக்கறப்பவே பின்னங்கால் தொஞ்சு விழற வியாதி ஒண்ணு, கண்ணு கொஞ்சம் கொஞ்சமா மங்கறது ஒண்ணு, ரெண்டுமே லேப்ல உண்டு. நாய் பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள கேரியரா இருக்கும், அதாவது வியாதி ஜீன் ஒண்ணை சுமந்துட்டிருக்கும். ரெண்டு பக்கமும் கேரியரா இருந்தா ஒவ்வொரு குட்டிக்கும் நாலுல ஒரு பங்கு சான்ஸ் வியாதி வர. ஒரு பக்கம் சுத்தமா இருந்தா வராது. அதனாலதான் டெஸ்ட்டு. நான் குட்டி போட வச்ச முதல் ரெண்டு ஈத்துக்கு நானே எக்ஸ்ரே எடுக்கல, அப்ப தெரியாது, தெரிஞ்சதும் எடுத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெக்கமில்ல. வெக்கப்பட வேண்டியது வேற இருக்கு.

குட்டியைத் தேர்ந்தெடுக்க ஒரு தடவ போகாதே, ரெண்டு தடவ போ, வேற வேற நேரத்துல. இப்பத்தான் பால் குடிச்சுட்டு சுருண்டு கிடக்கற குட்டியை "ரொம்ப சாது"ம்பாங்க, தூங்கி எழுந்த அதே குட்டி அரை மணி நேரம் கழிச்சு உன் ஷூ லேஸை அவுக்கும். நாலு பேர் போனா நாலு பேரும் முதல்ல ஓடி வர்றதையே தூக்குவாங்க. நான் ஒரு சாவிக்கொத்தை தள்ளி கீழ போடுவேன், திடுக்குன்னு ஆகும், ஆகட்டும், ஆன பிறகு திரும்ப வந்து அது என்னன்னு பாக்குதான்னு மட்டும் பாப்பேன். திரும்பி வர்ற குட்டிதான் எனக்கு வேணும். எட்டு வாரம் முடியாம யார் குடுத்தாலும் வாங்காதே, கூடப்பொறந்ததுங்களோட கடிச்சு விளையாடித்தான் எவ்வளவு கடிச்சா வலிக்கும்னு அது கத்துக்குது.

கூட்டிட்டு வந்த பிறகு இருக்கற முதல் ஒரு மாசம் பொன்னு மாதிரி. மூணாவது வாரத்துலேர்ந்து பன்னெண்டு, பதினாலு வாரம் வரைக்கும் பாக்கறது கேக்கறது எல்லாம் அது மனசுல உலகம்னு பதியும். குடை, ஹெல்மெட், மிக்ஸி சத்தம், தாடி வச்சவங்க, குழந்தைங்க. ஆனா தடுப்பூசி பதினாறு வாரம் வரைக்கும் போகும், பார்வோ பொல்லாத வியாதி, அதனால தெருவுல இறக்காம தூக்கிட்டுப் போய் காட்டு. எட்டு வாரக் குட்டியால ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒண்ணுக்கு அடக்க முடியாது. ராத்திரி ரெண்டு தடவ எழுந்துக்கணும். பகல்ல நீ ஆஃபீஸ் போயிட்டா யார் பாப்பாங்கன்னு யோசிச்சியா. மாப்பிள்ளைக்கு இன்னும் வீட்டுலேர்ந்துதான் வேலையா, அது எனக்குத் தெரியல, யாரும் சொல்லல. இல்லேன்னா ஒரு ஆளு ஏற்பாடு பண்ணணும்.

ட்ரெயினிங்குல ஒரே ஒரு விஷயம். வீட்டுல இருக்கறவங்க எல்லாரும் ஒரே வார்த்தை சொல்லணும். நீ "வா"ன்னு கூப்பிட்டு இன்னொருத்தர் "கம்"னு கூப்பிட்டா, நீ சோபாவுல ஏறாதேன்னு இன்னொருத்தர் பக்கத்துல தட்டி உக்கார வச்சா, நாய் கெட்டுப் போகாது, குழம்பும். குழம்பின நாய் யார் சொல்றதையும் கேக்காது. அதனால உக்காந்து பேசி எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க, எது "வா", எது "விடு", எது "இரு". இன்னொருத்தர்னு சொன்னது பொதுவாச் சொன்னேன். நீ மட்டும்தான்னா நீ மட்டும் ஒரே வார்த்தையா சொல்லு, அதுவும் கஷ்டம்தான், களைப்பா இருக்கறப்ப நாம எல்லாரும் வார்த்தையை மாத்திடறோம்.

அடிக்காதே. சரியா செஞ்ச அந்த நொடியே ட்ரீட்டு, ரெண்டு செகண்டு தள்ளிப் போனா எதுக்குக் குடுத்தேன்னு அதுக்குத் தெரியாது. கடிச்சா கையை உதறாதே, எழுந்து திரும்பி நில்லு. ஒரு வயசு தாண்டற வரைக்கும் மாடிப்படி, உசரத்துலேர்ந்து குதிக்கறது, நிறுத்தாம பந்து எறியறது வேண்டாம், மூட்டு இன்னும் முத்தியிருக்காது. குடுக்கற ட்ரீட்டை அன்னிக்கு சாப்பாட்டுலேர்ந்தே எடு. தனியா இல்ல. திரும்பவும் சொல்றேன், அளந்து போடு. டப்பா மூடியால அளக்காதே, கிராம்ல.

ரோஸி குட்டி போட்ட ராத்திரி ஞாபகம் இருக்கா. மேட்டிங் விட்டு 63-வது நாளு. சாயங்காலமே டெம்பரேச்சர் 37-க்குக் கீழ இறங்கிடுச்சு, இன்னிக்குத்தான்னு சொன்னேன், நீ ஸ்கூல் நோட்டுல கோடு போட்டு டைம் எழுத ஆரம்பிச்சே. பதினோரு வயசு உனக்கு. அஞ்சு குட்டி வரைக்கும் மடமடன்னு வந்துச்சு, ஆறாவது பையோட வந்து விழுந்துச்சு, ரோஸி களைச்சுப் போயி திரும்பிக்கூடப் பாக்கல. நான் பையைக் கிழிச்சு வாயைத் தொடைச்சு உன் கையில துண்டோட குடுத்து "தேயி, நிறுத்தாதே"ன்னேன். ஏழாவதைப் பாக்கறேன்னு நான் அந்தப் பக்கம் திரும்பிட்டேன். மனசுக்குள்ள அதை விட்டுட்டேன், உண்மையைச் சொல்லணும்னா. நீ விடல. எவ்வளவு நேரம் தேச்சியோ, கீச்சுன்னு ஒரு சத்தம். உன் கை நடுங்கலடா. தராசுல வச்சோம், மத்தது எல்லாம் நானூறு கிராமுக்கு மேல, அது 310. நோட்டுல 310-ன்னு எழுதி பக்கத்துல "சீசர்"னு எழுதிட்டே. விக்கற குட்டிக்குப் பேர் வைக்கக்கூடாதுன்னு நான் சொன்ன ரூல். அதனால விக்க முடியாமப் போச்சு. பத்து நாள்ல டபுள் ஆகணும், அவன் ஒம்பதாவது நாளே ஆனான்.

அம்மு, சீசர் வயசாகிப் போகல.

உன்கிட்ட அப்படித்தான் சொன்னேன். ரெண்டு வாரம் கழிச்சு, உன் பரிட்சை முடிஞ்சப்புறம். ஒம்பது வயசு லேபுக்கு என்ன வயசாகிடுச்சு. கடைசியா தராசுல ஏத்தினப்ப 46 கிலோ. அவன் 32 இருக்க வேண்டிய நாய். இடுப்பு தாங்கல, பின்னங்கால் எழுப்ப முடியாம படுத்த இடத்துலயே ஒண்ணுக்குப் போனான், அப்ப என்னைப் பாத்த பார்வை இருக்கே. டாக்டர் ஊசி போடறப்ப தலையைப் பிடிச்சுட்டு இருந்தது நான்தான்.

நீ ஹாஸ்டல் போன பிறகு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணுவே. அம்மாகிட்ட ஒரு மணி நேரம். அப்புறம் "அப்பாகிட்ட பேசறியா"ம்பா, நான் வாங்கி "சாப்டியா, சரி, உடம்பப் பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டு அம்மாகிட்டயே குடுத்துடுவேன். குடுத்துட்டு மாடிக்குப் போவேன், சீசர் பின்னாடியே வரும், பாக்கெட்ல பிஸ்கட் இருக்கும். உன்கிட்ட கேக்க நெனைச்சது எல்லாத்துக்கும் ஒரு ஒரு பிஸ்கட். ரூம்மேட் எப்படி, தூக்கம் வருதா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு. அவன் வேண்டாம்னு சொல்ற நாயா. நோட்டுல வெயிட் எழுதறதை எப்ப நிறுத்தினேன்னு தேதி இருக்கு, 38.5-ல நிறுத்தினேன்.

தெரியாம செஞ்சேன்னா பரவால்ல. குட்டி வாங்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் சொல்ற கதையே அதானே. 48 லேப் குட்டி, ஒரே ஈத்துல பொறந்ததை ஜோடி ஜோடியாப் பிரிச்சு, ஒண்ணுக்கு மத்ததை விட 25 சதவீதம் கம்மியா வாழ்நாள் முழுக்கப் போட்டு வளத்தாங்க, கம்மியா சாப்பிட்டது கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கூட இருந்துச்சு, 2002-ல வந்துச்சு அது. வாய் வலிக்கச் சொல்லிட்டு மாடிக்குப் போயி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பேன். அப்புறம் 2016-ல கேம்பிரிட்ஜ்ல கண்டுபிடிச்சாங்க, லேப்ல நாலுல ஒண்ணுக்குப் பசி அடங்கற ஜீன்லயே ஒரு துண்டு இல்லியாம், எவ்வளவு போட்டாலும் பசிக்குமாம். அன்னிக்கு அம்மாகிட்ட "பாத்தியா, ஜீனாம்"னு சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லல, பாத்திரம் கழுவிட்டே இருந்தா. ஜீனா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சுது.

அதனால சொல்றேன். கையை நீட்டி விரலை மடக்காம புறங்கையைத் தடவிப் பாரு, எலும்பு லேசா தட்டுப்படும்ல, குட்டியோட விலா அப்படி இருக்கணும். முஷ்டி மடக்கினா விரல் முட்டி துருத்திட்டு நிக்குமே, அப்படின்னா ஒல்லி. உள்ளங்கை மாதிரி மெத்துன்னு இருந்தா கூடிடுச்சு. வாரத்துக்கு ஒரு தடவ. நீ சோகமா இருக்கற வாரத்துல ரெண்டு தடவ.

வீட்டுல சத்தம் இல்லேன்னு நாய் வாங்கினா சத்தம் வரும், நான் இல்லேங்கல, ரோஸி வந்தப்ப நம்ம வீட்டுலயும் வந்துச்சு. ஆனா சொல்ல வேண்டியதை நாய்கிட்ட சொல்லிட்டு இருந்துடாதே. இல்ல, சொல்லு, நாய்கிட்டயும் சொல்லு. எனக்கு எழுத வரல இந்த இடத்துல.

மாப்பிள்ளையைக் கேட்டதா சொல்லு. சொல்ல முடியற மாதிரி இல்லேன்னா சொல்ல வேண்டாம், நான் ஏன்னு கேக்கமாட்டேன். அம்மாகிட்டயும் இந்த லெட்டர் பத்தி சொல்லல.

ஞாயித்துக்கிழமை எனக்குப் பண்ணு, என் நம்பருக்கு.

அப்பா

பி.கு.: குட்டி பாக்கப் போற அன்னிக்கு நானும் வர்றேன். அம்மா நாயை நான் நேர்ல பாக்கணும். இருபதாம் தேதிக்கு டிக்கெட் போட்டுட்டேன், திரும்பி வர்றதுக்கு இன்னும் போடல. நோட்டு பைல வச்சுட்டேன், அதுல இன்னும் முப்பது பக்கம் காலியாத்தான் இருக்கு.