ஆவாரை கேட்டேன், அனுப்பியது என்ன?

வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

பொருள்: ஆவாரை என்று வேறு செடி அனுப்பியது தொடர்பாக.

ஐயா,

சென்ற ஆண்டு ஐப்பசியில் உங்கள் பண்ணையில் 40 ஆவாரை நாற்று வாங்கி, தோட்டத்தின் தென்புறம் உயிர்வேலியாக நட்டேன். சரளை மண், நாள் முழுக்க வெயில். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் தாக்குப்பிடிக்கிற நாட்டுச் செடி வேண்டும் என்று யோசித்துத்தான் ஆவாரை கேட்டேன். நாற்றுப் பையில் தொங்கிய அட்டையில் 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று வேறு அச்சடித்திருந்தீர்கள்.

இன்றுவரை ஒரு மொட்டு இல்லை. அதுகூடப் போகட்டும். செடிகள் ஒற்றைத் தண்டாக வளர்ந்து மதிலைத் தாண்டியபோதுதான் சந்தேகம் வந்தது. ஆவாரை அடியிலிருந்தே கிளைத்துப் புதராக நிற்கும். சாலையோரம் தானாக முளைத்த ஆவாரையில் ஒரு கொத்து ஒடித்து வந்து ஒப்பிட்டேன். அதன் இலைக்காம்படியில் காதுமடல் போன்ற அகன்ற செதில் உதிராமல் இருக்கிறது. ஒவ்வொரு ஜோடிச் சிற்றிலைக்கும் நடுவே குச்சி போல ஒரு சிறு சுரப்பி. நீங்கள் கொடுத்ததில் இரண்டுமே இல்லை. சிற்றிலை நுனியும் கூராக இருக்கிறது. தாவரவியல் படித்த நண்பர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: சென்னா ஸ்பெக்டபிலிஸ்.

வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த மரம் அது. முதுமலையில் பரவி, தன் நிழலில் உள்நாட்டுச் செடிகளைத் தலைதூக்க விடாததால் வனத்துறை ஆள் வைத்து அகற்றிவருகிறது. நாட்டுச் செடி கேட்டவருக்கு அதையா கொடுப்பது?

தொலைபேசியில் உங்கள் ஊழியர், "வெட்டி விடுங்க, புதராயிடும். தினமும் தண்ணி ஊத்துங்க" என்றார். இரண்டை வெட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டையிலும் நாலைந்து துளிர் கிளம்பியிருக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றினால் அசல் ஆவாரைக்கு வேர்தான் அழுகும். அந்த யோசனையை வேறு யாருக்கும் சொல்லாதீர்கள்.

முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். பூத்துக் காய்த்து விதை சிந்தும் முன் 40 செடிகளையும் உங்கள் ஆட்களே வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். இதே நாற்றுகளோடு வளர்ந்த மற்ற நாற்றுகளை வாங்கியவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். மாற்று நாற்று வேண்டாம். ஆவாரைக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும். பையில் சுருண்ட வேரோடு இன்னொரு முறை மல்லுக்கட்ட நான் தயாரில்லை. விதையை ஊறவைத்து நானே நேரடியாக ஊன்றிக்கொள்கிறேன்.

ரசீது, அட்டை, இரு இலைகளின் படங்கள் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்