அந்தக் கையெழுத்து நோட்டுகளைக் காப்பாற்ற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த இரங்கல் செய்தியில், பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்து வந்தவர் என்று மட்டும் போட்டிருந்தீர்கள். அவர் எங்கள் மாஸ்டர். ஞாயிறு மாலைகளில் எங்கள் மேல்நாட்டு இசைக்குழுவை நடத்திய கண்டக்டர். பேங்க் ஊழியர், பள்ளி ஆசிரியை, ரயில்வேக்காரர் என்று, காசு வாங்காமல் கூடி வாசிக்கிறவர்கள் நாங்கள். நான் இரண்டாவது வயலின். அவர் எங்களுக்காகக் கைப்பட எழுதி வைத்த இசைத் தாள்களைக் காப்பாற்றச் சொல்லித்தான் இந்தக் கடிதம்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது, அச்சகம் சும்மா இருக்கும் என்று வெளியில் நினைப்பார்கள். தை முகூர்த்தப் பத்திரிகைகள் குவிவதே அப்போதுதான். எங்கள் கிறிஸ்துமஸ் கச்சேரியும் அதே நேரம். ஒத்திகை முடிந்த கையோடு கடைக்குத் திரும்பி புரூஃப் பார்ப்பார். சலித்துக்கொண்டதே இல்லை.

ஹேண்டல் 1741இல் எழுதிய ‘மெசாயா’ என்ற கிறிஸ்தவ இசைப் படைப்பில் ஓபோ என்ற ஊதுகருவி உண்டு. எங்களிடம் அதை வாசிக்க ஆள் இல்லை. சரி, போகட்டும் என்று விடமாட்டார். எங்களிடம் உள்ள இன்னொரு ஊதுகருவியான கிளாரினெட், தாளில் இருப்பதைவிட ஒரு முழு ஸ்வரம் இறங்கி ஒலிக்கும். அதனால் அந்தப் பகுதியைக் கிளாரினெட்டுக்கு ஒரு முழு ஸ்வரம் ஏற்றிக் கைப்பட எழுதித் தருவார். அதில் வரும் ‘அல்லேலூயா’ பாட்டு டி மேஜர் ஸ்கேலில் என்றால் கிளாரினெட் தாளில் இ மேஜர் இருக்கும். வயலினைவிடக் கீழே ஒலிக்கும் வயோலாவுக்கு ஆள் குறைந்தால் அந்தப் பகுதி மூன்றாவது வயலின் ஆகிவிடும். வயலினுக்கு எட்டாத கீழ் ஸ்வரங்கள், இன்னும் கீழே ஒலிக்கும் செல்லோவுக்குப் போகும். பக்கம் திருப்பும் இடத்தில் நமக்கு ஓய்வு வரும்படி வரிகளைப் பிரித்திருப்பார். கடையில் வாங்கும் நோட்டுகளில்கூட இந்த அக்கறையை நான் பார்த்ததில்லை. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் உடைந்து அடுத்த வரிக்குப் போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து அச்சுக் கோத்த கண் அல்லவா!

1893 முதல் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் என்ற மேல்நாட்டு இசைப் பாடகர் குழு இயங்கிவரும் ஊர் இது. இங்கே இப்படி ஒருவர் செய்த வேலை எடைக்குப் போகக் கூடாது.

இப்போது அச்சகத்தைக் காலி செய்கிறார்கள். மாடியில் பேப்பர் ரீம்களுக்கு நடுவே அந்தத் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. ஓரத்தில் பென்சிலால் எங்கள் பெயர்கள். குடும்பத்தார் கொடுக்கத் தயார், வாங்கி வைக்கத்தான் இடம் இல்லை. ஒரு கல்லூரியில் கேட்டோம்; அச்சிட்ட புத்தகம் என்றால் பார்க்கலாம் என்றார்கள். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடமோ, மேல்நாட்டு இசை கற்றுத்தரும் பள்ளியோ முன்வந்தால், கருவி வாரியாகப் பிரித்து ஸ்கேன் எடுக்கும் வேலையை நாங்களே செய்து தருகிறோம். ஐப்பசி மழைக்கு முன் இது நடக்க வேண்டும். அந்த மாடி ஒழுகும்.

இப்படிக்கு,
வயலின் வாசிப்பவர்,
பெரம்பூர், சென்னை.