இஞ்சிக்கும் ஆபீசுக்கும் என்ன உறவு?

ஐயா,

கடந்த வாரம் இஞ்சி பற்றிய கட்டுரையில் அதன் அறிவியல் பெயரான 'சிஞ்சிபர் அஃபிசினாலே' என்பதற்கு 'அதிகாரபூர்வ இஞ்சி' என்று பொருள் தந்திருந்தீர்கள். அது சரியல்ல. தாவரவியல் பாடம் நடத்துகிறவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

லத்தீனில் 'அஃபிசினா' என்றால் பட்டறை. ஐரோப்பிய மடங்களில் மூலிகைகளையும் மருந்துகளையும் வைத்திருந்த அறைக்கும் அப்புறம் அதே பெயர் வந்தது. எனவே 'அஃபிசினாலே' என்றால் மருந்துக்கடையில் வைத்து விற்கப்பட்டது என்று பொருள். கரும்புக்கு ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் வைத்த பெயர் 'சக்காரம் அஃபிசினாரம்'. சர்க்கரையும் ஒரு காலத்தில் அங்கே மருந்துச் சரக்குதான்! நம் நெல்லிக்கும் 'எம்ப்ளிகா அஃபிசினாலிஸ்' என்ற பெயர் உண்டு. இன்று 'ஃபில்லாந்தஸ் எம்ப்ளிகா' என்பதே ஏற்கப்பட்ட பெயர். பழைய பெயர் இன்னும் மருந்து டப்பாக்களில் அச்சாகி வருகிறது.

லே, லிஸ், ரம் என்று முடிவு மாறுவதை அச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்திவிட வேண்டாம். அது லத்தீன் இலக்கணம்.

'ஆபீஸ்', 'அஃபிஷியல்' (அதிகாரபூர்வ) என்ற ஆங்கிலச் சொற்களும் தூரத்து உறவுதான், குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும். ஆனால் நம் வீடுகளில் சுக்கு இருப்பது அஞ்சறைப் பெட்டியில். வயிறு சரியில்லை என்றால் பாட்டி திறப்பதும் அதைத்தான். அந்தப் பெட்டியை அறிந்த பிள்ளைகளுக்கு 'அஃபிசினாலே' என்ற சொல் சட்டென்று விளங்கும். அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் வெளியிட்டால் மாணவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர் ஒருவர்