பக்கத்து அமைப்போட நோட்டு எங்க கைக்கு ஏன் வரல?

ஆசிரியருக்கு வணக்கம்,

நான் அஞ்சு வருஷமா ஒரு சாயங்கால டியூஷன் சென்டர்ல தன்னார்வலரா இருக்கேன். பிளஸ் டூ முடிச்ச பசங்களுக்கு வழி சொல்ல எங்க ஏரியாவுலயே மூணு அமைப்பு இருக்கு, ஆனா ஒருத்தர் கத்துக்கிட்டது இன்னொருத்தருக்குப் போறதே இல்ல. போன வருஷம் ஒரு பொண்ணு ஐடிஐல சேரணும்னு வந்துச்சு, இ-சேவையில சாதிச் சான்றிதழ் அப்ளை பண்ணி அது வர்றதுக்குள்ள கடைசி தேதி போயிடுச்சு, வாசல்லயே உக்காந்து அழுதுச்சு. அப்புறம் பார்த்தா பக்கத்து அமைப்புல ஒரு அக்கா, எந்தச் சான்றிதழுக்கு எத்தனை நாள் ஆகுது, எந்தப் பேப்பர் இல்லன்னா திருப்பி அனுப்புறாங்கன்னு நீல அட்டை நோட்டுல பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்காங்க! அது முன்னாடியே எங்களுக்குக் கிடைச்சிருந்தா அந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷம் போயிருக்காது.

பசங்களுக்காகவும் இளைஞர்களுக்காகவும் அரசு கொண்டு வந்ததையே பாருங்க, நாட்டு நலப்பணித் திட்டம் 1969ல வந்துச்சு, நேரு யுவ கேந்திரா 1972ல, இல்லம் தேடிக் கல்வி 2021ல, நான் முதல்வன் 2022ல. இத்தனை வருஷ அனுபவமும் போட்டோ ஒட்டின ரிப்போர்ட்டா மேல போகுதே தவிர பக்கத்துல போறதில்ல. எது சரியா வரலன்னு எழுதினா ஃபண்டு நின்னுடுமோன்னு பயம், அது எனக்கும் புரியுது, ஆனா பசங்க ஏன் பாதியில நின்னாங்கன்னு தெரிஞ்சாத்தானே நாங்க அதே தப்பைப் பண்ணாம இருப்போம்?

மாவட்ட நிர்வாகம் மாசத்துல ஒரு சனிக்கிழமை எல்லாரையும் உக்கார வைக்கட்டும். பேனர், பொன்னாடை எதுவும் வேணாம், அவங்கவங்க நோட்டை எடுத்துட்டு வந்தா போதும்.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வலர், விழுப்புரம் மாவட்டம்