ஊசி சுத்தம் சரி, ஊசி பிடிக்கும் கை?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் டாட்டூ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஊசியைக் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், கையுறை புதுசா பாருங்கள், ஹெபடைடிஸ் பி, சி ரத்தம் வழியாகத் தொற்றும் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். எல்லாம் தேவையானதுதான். 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கையே பிளந்துவிட, மாநகராட்சி அந்தக் கடைக்கு சீல் வைத்த கூத்தைப் பார்த்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. ஆனால் அத்தனை பெரிய கட்டுரையில் டாட்டூ போடுகிறவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்? ப்ளவுஸ் தைக்கிற டெய்லரை மாற்றவே ஆயிரம் முறை யோசிக்கிற நாம், சாகிறவரை உடம்பில் இருக்கப்போகிற ஒன்றை மாலில் எந்தக் கடை காலியாக இருக்கிறதோ அங்கே உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாமா? ஒரு கை முழுக்க முடித்து இன்னொரு கையில் ஆரம்பித்திருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் ஆளைத் தேடுங்கள், டிசைன் அப்புறம்.

பிலிப்பைன்ஸில் புஸ்கலான் என்ற மலைக் கிராமத்தில் வாங்-ஓட் என்று பச்சை குத்துகிற ஒரு பாட்டி இருக்கிறார், 1917-ல் பிறந்தவர். எங்கெங்கிருந்தோ ஆட்கள் மலையேறிப் போய் அவர் கையால் மூன்றே மூன்று புள்ளி குத்திக்கொண்டு வருகிறார்கள். மூன்று புள்ளியை யார் வேண்டுமானாலும் வைக்கலாம், அவர்கள் போவது அந்தக் கைக்காக.

நம் ஊரில் ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்ஸ்டாகிராமில் கண்ணைப் பறிக்கிற படங்களில் பெரும்பாலானவை வேலை முடிந்த கையோடு எடுத்தவை, மை ஈரமாக மினுங்கும்போது எதுவும் அழகாகத்தான் தெரியும். ஆறிய படத்தைக் கேளுங்கள். ஓரிரு வருடம் கழித்து எடுத்தது, அதுவும் உங்கள் நிறத்தில் உள்ளவருடையது. மை நிற்பது மேல்தோலுக்குக் கீழே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். நம் தோலின் நிறம் அதற்கு மேலே இருக்கிறது, அதனால் வெளிர் மஞ்சளும் வெள்ளையும் மாநிறத் தோலில் மங்கலாகத்தான் தெரியும். இதை முதல் சந்திப்பிலேயே 'அக்கா, இந்த மஞ்சள் உங்களுக்கு எடுக்காது, கறுப்பிலேயே ஷேடிங் பண்ணிடலாம்' என்று சொல்கிறவரிடம் தைரியமாக அட்வான்ஸ் கொடுக்கலாம். எதைக் காட்டினாலும் 'பண்ணிடலாம்' என்பவரிடம் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

தமிழ் எழுத்து போட்டுக்கொள்கிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். தோலுக்குள் கோடுகள் வருடம் போகப்போகக் கொஞ்சம் பரவும், அது யார் போட்டாலும் நடக்கும். ஆங்கில எழுத்து பொடியாக இருந்தாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், நம்முடையதில் சுழி அதிகம். என் தோழி மணிக்கட்டில் 'அம்மா' என்று பொடியாகப் போட்டுக்கொண்டாள், இப்போது 'அ'வின் சுழி அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டு மாதிரி இருக்கிறது. அளவைப் பெரிதாக்கலாம் என்று, போட்டவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எனக்குப் போடுகிறவர், டிசைனை ஊதாக் கோடாகத் தோலில் பதிக்கிற ஸ்டென்சில் தாளை ஒட்டிவிட்டு, கையைத் தொங்கப்போட்டு நிற்கச் சொல்வார், மடக்கச் சொல்வார், முழங்கைப் பக்கம் வளைந்து தெரிந்தால் ஊதாக் கோட்டை அப்படியே துடைத்துவிட்டு ஓரத்தைக் கத்தரித்து மறுபடி ஒட்டுவார். நாமும் 'இன்னும் கொஞ்சம் மேலே' என்று சொல்லக் கூச்சப்படக்கூடாது, ஊசி இறங்கிய பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்?

அதே மாதிரி நம் பக்கமும் மரியாதை வேண்டும் சார். வேறொருவர் யாருக்கோ வரைந்து போட்டதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வந்து 'அச்சு அசலா இதே வேணும்' என்பது, நாள் வாங்கிவிட்டு போனை எடுக்காமல் இருப்பது, நாலு நண்பர்களோடு வந்து அந்தச் சின்ன அறையில் அரட்டை அடிப்பது, சாப்பிடாமல் வந்து பாதியில் மயங்குவது, எல்லாவற்றுக்கும் மேலே பேரம். கோயம்பேட்டில் தக்காளி வாங்குகிற குரலில் 'சதுர அங்குலத்துக்கு நூறு ரூபாய் குறைங்க' என்று ஒருவர் கேட்டதை பக்கத்து நாற்காலியில் இருந்து கேட்டேன். பணம் கையில் இல்லையென்றால் அதையே சொல்லுங்கள், இரண்டு மூன்று சிட்டிங்காகப் பிரித்துக்கொடுப்பார்கள். ஆறியதும் ஒரு போட்டோ அனுப்புங்கள், தன் வேலை எப்படி நின்றிருக்கிறது என்று பார்க்க அவர்களுக்கும் ஆசை இருக்கும்.

ஒருவரிடமே எல்லாம் போட வேண்டும் என்பதில்லை. எனக்குப் போடுகிறவர் கோட்டு வேலையில் கெட்டிக்காரர், முகங்கள் என்றால் தனக்கு வராது என்று அவரே இன்னொருவர் நம்பரைக் கொடுத்தார். பெண்களுக்கு இன்னொன்று: முதுகிலோ இடுப்பிலோ போடுவதென்றால் திரை இருக்கிறதா, கூட ஒரு பெண் இருக்கலாமா என்று முன்னாடியே கேளுங்கள், முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம்.

அப்புறம், கையைச் சீக்கிரம் நிரப்பிவிடத் துடிக்கிற தம்பிகளிடம் நல்ல ஆர்டிஸ்ட் முதலில் கேட்பது 'ஆர்மிக்கு ட்ரை பண்றியா?' என்றுதான். பழங்குடி வழக்கத்துக்குச் சலுகை உண்டு, மற்றவர்களுக்கு ராணுவம் அனுமதிப்பது முன்கையின் உள்பக்கமும் புறங்கையும் மட்டும். தோள்பட்டையில் புலியைப் போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போய் நிற்பவனுக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் கட்டுரைக்கு தோல் மருத்துவரிடம் பேசியிருக்கிறீர்கள், அடுத்த முறை டாட்டூ போடுகிறவர்களிடமும் பேசுங்கள். மத்தியானம் போனால் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள்.

— ஒரு வாசகி,
வேளச்சேரி, சென்னை.