அழுக்குப் பச்சை வீழ்படிவும் உயிரின் தோற்றமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிரின் தோற்றம் குறித்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரை, ஸ்டான்லி மில்லர் 1953ஆம் ஆண்டில் கண்ணாடிக் குடுவைக்குள் மின்பொறி பாய்ச்சி, புரதங்களின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களைப் பெற்ற சோதனையைத் தெளிவாக விளக்கிவிட்டு, அத்துடன் நின்றுவிட்டது. பிற்கால ஆய்வுகளில் பெரிதும் பேசப்படும் இரும்புக் கனிமங்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. சென்னைப் பள்ளிகளில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்த விடுபடல் என்னை வருத்தியது. ஏனெனில், அவற்றுள் ஒன்றை நம் மேல்நிலை மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் தாங்களே உண்டாக்கிப் பார்க்கிறார்கள். அதன் பெயரைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அன்னபேதி எனப்படும் ஃபெரஸ் சல்பேட் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், அழுக்குப் பச்சை நிறத்தில் கூழ்போல ஒரு வீழ்படிவு திரளும். ஃபெரஸ் அயனி இருப்பதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டு, மாணவர்கள் சோதனைக் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். கழுவாமல் தாங்கியிலேயே விட்டுவைத்தால், காற்று படும் மேற்பரப்பில் தொடங்கும் செம்பழுப்பு நிறம் சிறிது சிறிதாகக் கீழே இறங்குவதைக் காணலாம். அந்தப் பச்சையை இரும்பு(II) ஹைட்ராக்சைடு என்றே நாம் கற்பிக்கிறோம். ஆனால், ஆக்சிஜன் சற்றும் தீண்டாத தூய இரும்பு(II) ஹைட்ராக்சைடு வெண்ணிறமானது. கரைசலில் கலந்திருக்கும் ஆக்சிஜன் இரும்பின் ஒரு பகுதியை மூன்று நேர்மின்னூட்ட நிலைக்கு மாற்றிவிடுவதால்தான் பச்சை ஏறுகிறது. அவ்வாறு உருவாகும் பொருளுக்குப் பச்சைத் துரு என்று பெயர். நானும் பல ஆண்டுகள் இதைச் சொல்லாமலே பாடம் நடத்தினேன் என்பதை இப்போது நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

பச்சைத் துருவின் சிறப்பு அதன் அடுக்குக் கட்டமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு இரும்பு அயனியையும் ஆறு ஹைட்ராக்சில் தொகுதிகள் எண்முகி வடிவில் சூழ்ந்திருக்க, அந்த எண்முகிகள் விளிம்போடு விளிம்பு பொருந்திப் பரவி ஒரு தகடாகின்றன. சல்பேட் வகையில் மூன்று இரும்பு அயனிகளுக்கு ஒன்று மூன்று நேர்மின்னூட்டம் கொண்டது. மற்ற இரண்டும் இரண்டிரண்டு கொண்டவை. இதனால் தகடு முழுவதிலும் நேர்மின்னூட்டம் மிகுந்துவிடுகிறது. அதை ஈடுகட்டவே சல்பேட், கார்பனேட், குளோரைடு போன்ற எதிரயனிகள் நீர் மூலக்கூறுகளோடு தகடுகளுக்கு நடுவே புகுந்து தங்குகின்றன. கார்பனேட் தங்கினால் ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் உள்ள தொலைவு சுமார் 0.75 நானோமீட்டர், உருவில் பெரிய சல்பேட் தங்கினால் சுமார் 1.1 நானோமீட்டர். வரும் அயனிக்கு ஏற்ப இடைவெளி விரிந்துகொடுக்கிறது. ஓர் அயனி வெளியேறி வேறொன்று அவ்விடத்துக்கு வரவும் முடிகிறது. இரும்பின் இரு நிலைகளும் பக்கத்திலேயே இருப்பதால், தகட்டுக்குள் எலக்ட்ரான் ஓர் இரும்பிலிருந்து மற்றோர் இரும்புக்கு எளிதில் தாவும். நைட்ரேட்டை அம்மோனியமாக ஒடுக்கும் ஆற்றலும் இதற்கு உண்டு. ஈரத்தில் ஊறிய மண்ணில் இயற்கையாகவே இது கிடைக்கிறது. பிரான்சு நாட்டின் ஃபூஜேர் என்னும் ஊரின் பெயரால் அந்தக் கனிமம் ஃபூஜெரைட் எனப்படுகிறது.

உயிரின் தொடக்கத்தோடு இதற்கு என்ன தொடர்பு? வேளச்சேரியில் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் வாளியில் விழும்போது கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். மறுநாள் காலையில் வாளியின் அடியில் செம்பழுப்பு வண்டல் படிந்திருக்கும். காற்றுப் படாதவரை இரும்பு நீரில் கரைந்தே இருக்கும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் பெருகும்வரை, கடல்நீரும் இவ்வாறு கரைந்த இரும்பைச் சுமந்திருந்தது. அந்தக் கடலின் அடியில் காரத்தன்மையுள்ள வெந்நீர் ஊற்றெடுத்த இடங்களில் இரும்பு ஹைட்ராக்சைடுகளும் இரும்பு சல்பைடுகளும் மெல்லிய சுவர்களாகப் படிந்திருக்கும் என்றும், அவற்றின் இருபுறமும் நிலவிய வேதி வேறுபாடே முதல் வினைகளை இயக்கியிருக்கும் என்றும் புவியியலாளர் மைக்கேல் ரஸ்ஸல் முதலியோர் கருதினர். அத்தகைய கார ஊற்றுகளை அட்லாண்டிக் கடலடியில் 2000ஆம் ஆண்டில் நேரிலேயே கண்டனர். 'லாஸ்ட் சிட்டி' என்று பெயரிடப்பட்ட அந்த இடத்துக் கோபுரங்கள் 60 மீட்டர் வரை உயர்ந்து நிற்கின்றன. இன்றைய கடலில் கரைந்த இரும்பு மிகக் குறைவு என்பதால் அவை வெண்ணிறக் கார்பனேட்டாக இருக்கின்றன.

சோதனைச் சான்றும் உண்டு. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த லாரா பார்ஜ் குழுவினர், இரும்பின் இரு நிலைகளும் கலந்த ஹைட்ராக்சைடைக் காரச் சூழலில் பைருவேட் என்னும் எளிய கரிமச் சேர்மத்தோடும் அம்மோனியாவோடும் சேர்த்து, அலனைன் என்னும் அமினோ அமிலம் உருவாவதை 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அங்கே மின்னல் இல்லை. எலக்ட்ரானைத் தந்தது இரும்பே.

இரும்பு சல்பைடான மாக்கினவைட்டும் அடுக்குக் கனிமமே. அதில் ஒவ்வொரு இரும்பையும் நான்கு கந்தக அணுக்கள் நான்முகியாகச் சூழ்கின்றன. கூவம் முகத்துவாரம் போன்ற இடங்களில் ஆக்சிஜனற்ற சேறு கறுத்துக் கிடப்பதற்கு இத்தகைய இரும்பு சல்பைடுகளே முக்கியக் காரணம். மாக்கினவைட்டில் உள்ளதுபோலவே, நம் உயிரணுக்களில் எலக்ட்ரானைக் கடத்தும் இரும்பு-கந்தகக் கொத்துகளிலும் நான்கு கந்தகங்களே ஒவ்வொரு இரும்பையும் பெரும்பாலும் பற்றியிருக்கின்றன. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில், எலக்ட்ரானைக் கடத்தும் முதல் புரதத் தொகுதியில் மட்டும் இத்தகைய கொத்துகள் எட்டு உள்ளன. இந்த ஒற்றுமை தற்செயலானதன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன். மரபுச் செய்தியைச் சுமக்கவல்ல ஆர்என்ஏ மூலக்கூறே முதலில் வந்தது என்று வாதிடும் அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள்; வழக்கு இன்னும் தீரவில்லை. தீராத வழக்கில் ஒரு தரப்பை மட்டும் வாசகருக்குக் காட்டுவது முறையாகாது.

ஆகவே, பச்சைத் துருவைப் பற்றித் தாங்கள் தனிக் கட்டுரை வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் படம் வேண்டுமெனில் அயல்நாட்டு ஆய்வகத்தைத் தேட வேண்டாம். செய்முறை வகுப்பு நடக்கும் நாளில் நகரின் ஏதேனும் ஒரு மேல்நிலைப் பள்ளிக்குத் தங்கள் புகைப்படக்காரரை அனுப்புங்கள். மாணவர்கள் சோதனைக் குழாயைக் கழுவுவதற்கு முன் அவர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
வேளச்சேரி, சென்னை.