பூட்டானிலிருந்து திரும்பிய பின் சுந்தரத்துக்கு

பாளையங்கோட்டை
12 ஜனவரி 2025

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் இங்கே வந்து சேர்ந்தபோது நான் பூட்டானின் தலைநகர் திம்புவில் இருந்தேன். மலை ஏறி இறங்கியதில் பிடித்துக்கொண்ட முழங்கால் வலி இப்போதுதான் சற்றுத் தணிந்திருக்கிறது. இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவே கிடக்கும் சின்னஞ்சிறு நாடு தன் பண்பாட்டை இறுகப் பற்றிக்கொள்ளாவிட்டால் கரைந்துபோகும், ஆகவே பூட்டான் செய்ததெல்லாம் சரியே என்று எழுதியிருந்தாய். நாம் இருவரும் அங்கே ஆசிரியர்களாக இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் எண்ணினேன். இப்போது உன் கூற்றில் பாதியைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது.

ஒப்புக்கொள்ளும் பாதி, அவர்களுடைய அச்சம் பொய்யானதல்ல என்பது. வடக்கே திபெத் சீனாவின் ஆளுகைக்குள் போனது. மேற்கே சிக்கிமில் மன்னராட்சி முடிந்து, 1975-இல் அது இந்தியாவின் 22-ஆவது மாநிலமாயிற்று. நாம் வேலைக்குச் சேர்ந்தபோது அது நடந்து பத்தாண்டுகூட நிறைவடையவில்லை. சிக்கிமைப் பற்றிப் பேச்சு வந்தால் அங்கத்திய பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வது உனக்கு நினைவிருக்கும். வெளியுறவில் இந்திய அரசின் ஆலோசனைப்படி நடப்பதாக 1949 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு, 1971-இல் ஐக்கிய நாடுகள் சபையில் தனக்கென ஓர் இடத்தைப் பெற்று, அந்த ஆலோசனை வாசகத்தை 2007-இல் ஒப்பந்தத்திலிருந்தே நீக்கவைத்தது. இந்தப் பொறுமையை நான் மெச்சுகிறேன். பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்றோடுகூட இன்றுவரை தூதரக உறவு வைத்துக்கொள்ளாததும் அதே எச்சரிக்கையின் பாற்பட்டதுதான். 2017-இல் டோக்லாம் பீடபூமியில், பூட்டான் தனக்குரியதாகக் கருதும் நிலத்தில், இந்தியப் படையும் சீனப் படையும் 73 நாட்கள் எதிரெதிரே நின்றபோது, சீனா சாலை போடுவது முறையல்ல என்று ஓர் அறிக்கை விட்டதற்கு மேல் அது அதிகம் பேசவில்லை. வாயைத் திறந்தால் யாராவது ஒருவரைப் பகைத்துக்கொள்ள நேரும் என்பதை அறிந்தவர்களின் மௌனம் அது.

இனி, ஒப்புக்கொள்ளாத பாதி. தேசிய தின விழாவுக்கு முதன்முறையாக நான் கோ என்னும் பூட்டான் ஆண்களின் உடையை உடுத்திக்கொண்ட டிசம்பர் 17-ஆம் தேதிக் காலையை நினைத்துப் பார். கணுக்கால்வரை தொங்கும் அந்த அங்கியை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, முதுகுப்புறம் இரண்டு மடிப்புகள் ஒரே அளவில் விழும்படி பிடித்து, கேரா என்னும் இடுப்புக் கச்சையை மூச்சு முட்டும்படி இறுக்கி, நெஞ்சுக்கு முன்னால் பை போல் உப்பும் துணியைச் சரிசெய்துவிட்டவன் என் ஒன்பதாம் வகுப்பு மாணவன். நீ அந்த மடிப்பை மூன்று முறை போட்டும் சரிவராமல் அவனைக் கூப்பிட்டாய். அவன் வீட்டில் பேசியது நேபாளி. அவன் தந்தை தெற்குச் சமவெளியை ஒட்டிய ஊரொன்றில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தார். பள்ளிச் சீருடையாகச் சிறுவயதிலிருந்தே உடுத்தியதால், அந்த உடை அவனுக்கு அந்நியமாக இருக்கவில்லை.

1989-இல் அதே உடை பொது இடங்களில் கட்டாயமாயிற்று, உடுத்தாதவர்களுக்கு அபராதம். நேபாளி பாடவேளை கால அட்டவணையிலிருந்து காணாமல் போனது. 1985 குடியுரிமைச் சட்டத்தை ஒட்டி நடந்த கணக்கெடுப்பில், தெற்கில் நேபாளி பேசுவோரிடம் 1958-ஆம் ஆண்டின் நிலவரி ரசீதைக் காட்டச் சொன்னார்கள். 1957 ரசீதோ 1959 ரசீதோ வைத்திருந்தவர்கள்கூட அந்நியர் பட்டியலில் விழுந்தார்கள். 1990-இல் தெற்கில் எழுந்த போராட்டத்துக்குப் பிறகு வெளியேறியவர்களும் வெளியேற்றப்பட்டவர்களுமாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கிழக்கு நேபாளத்தின் அகதி முகாம்களில் வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு மொத்த நாட்டின் மக்கள்தொகையே எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தால் இது எத்தனை பெரிய வெட்டு என்பது புரியும். சிக்கிமின் கதி தனக்கும் வந்துவிடக் கூடாது என்ற அச்சம், உடையை அழகாக உடுத்தத் தெரிந்த ஒரு பையனிடம் ரசீது கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. இதையும் இறையாண்மையின் கணக்கிலேயே எழுதிவிடலாம் என்கிறாயா?

வேடிக்கை என்னவென்றால், தேசிய மொழியான ஜோங்காவே மேற்குப் பள்ளத்தாக்குகளின் மொழிதான். கிழக்கே வீட்டுக்குள் ஷாங்லா பேசுகிறார்கள். பள்ளியில் பாடம் நடப்பது ஆங்கிலத்தில். அந்த ஆங்கிலமே இன்று வேறு விதமாக வேலை செய்கிறது. நான் தங்கியிருந்த வீட்டு மூத்த பெண் பெர்த்தில் இருக்கிறாள், இளையவன் ஆஸ்திரேலிய விசாவுக்கு மொழித்தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கிறான். தொலைக்காட்சியை 1999 வரை நாட்டுக்குள் விடாதவர்கள், பயணிகளிடம் நாள்தோறும் கட்டணம் வாங்கிக் கூட்டத்தைத் தடுத்தவர்கள் (இந்தியர் என்பதால் இரவுக்கு 1,200 ரூபாயோடு எனக்கு முடிந்தது), உள்ளேயிருந்து போகிறவர்களை எதைச் சொல்லி நிறுத்துவார்கள்? அலுவலகத்துக்குக் கோ உடுத்திப் போகும் அந்த இளையவன், மாலையில் வீடு திரும்பியதும் கேராவை அவிழ்த்து நாற்காலியில் எறிந்துவிட்டுத்தான் மூச்சுவிடுகிறான். உடையின் மேல் அவனுக்கு வெறுப்பில்லை. சம்பளம் போதவில்லை, அவ்வளவுதான்.

நம் பழைய மாணவன் முகாமில் பல ஆண்டுகள் கழித்துவிட்டு, இப்போது அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறான். நான் திம்புவில் இருப்பதை அறிந்து தகவல் அனுப்பியிருந்தான்: அந்த விழா நாளில் வகுப்போடு எடுத்த படம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான், அவனிடம் இருந்ததெல்லாம் அங்கேயே போய்விட்டதாம். அன்று புகைப்படப் பெட்டியைப் பிடித்திருந்தவன் நீதான். பரணில் இருக்கும் அந்தத் தகரப் பெட்டியை உன் மகனைவிட்டு இறக்கச் சொல்லித் தேடிப் பார். கிடைத்தால், பின்பக்கம் பெயர் எழுதியிருக்கிறதா என்பதையும் பார்த்துச் சொல்.

அன்புடன்,
நடராஜன்